லீவு போட்டுத் தொண்டுக்குப் போகலாமா? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

முதலாமவன் பி.ஈ. முடித்துவிட்டு வேலைக்கான ஆர்டரைக் கையில் வைத்திருக்கும் பையன். "அண்ணா, சேரச் சொல்ல இன்னும் மூணு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள வெளிநாட்டுல எங்கயாவது வாலண்டியரா போய்ட்டு வந்துடணும்." இரண்டாமவர் ஆறு வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த நர்ஸ். போர் நடந்த நாடு ஒன்றில் ஒரு வருடமாவது இருந்து பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூன்றாமவர் என் அத்தை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. "கை கால் நல்லா இருக்கறப்பவே ஏதாவது செய்யணும்டா. எங்க போகலாம், நீயே சொல்லு."

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. தொண்டு என்று ஒரே சொல்லால் சொல்கிறோமே தவிர, மூன்று வாரம் மண்வெட்டி பிடிப்பதும், கொலை மிரட்டல் வந்த ஒருவரோடு வருடம் முழுக்கக் கூடவே நடப்பதும், கணினி முன் உட்கார்ந்து வரைபடம் வரைவதும் வேறு வேறு வேலைகள். செலவு, ஆபத்து, பலன் எல்லாமே மாறும். அதனால் அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

கல்லூரியில் என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமுக்குப் போயிருந்தேன். ஊர்ப் புறம்போக்கில் இருநூறு கன்று நட்டோம். புங்கன், வேம்பு, கொஞ்சம் பூவரசு. கடைசி நாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான் தம்பி, நாளைக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அடுத்த வருடம் அதே ஊர் வழியாகப் போனபோது குழி இருந்த தடம்கூட இல்லை. நாங்கள் நட்ட இடம் அவர்கள் காலம்காலமாக ஆடு மேய்த்த இடம். கன்று வேண்டும் என்று அந்த ஊரில் யாருமே எங்களிடம் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அடிபம்புக்குப் போகும் வழியில் சேறு மிதிக்காமல் நடக்க நாலு வண்டி கிராவல்.

அதிலிருந்து எந்த அமைப்பைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: யார் கூப்பிட்டார்கள்? ஊர்க்காரர்களா, அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் உள்ளூர் அமைப்பா, அரசா, இல்லை யாருமே கூப்பிடாமல் நாமாகக் கிளம்புகிறோமா?

மற்றவை இதற்குப் பின்னால்தான். நாம் கிளம்பி வந்த பிறகு அந்த வேலையைத் தொடரப்போவது யார்? நம் கையில் இருக்கும் தொழில் அங்கே இல்லாத ஒன்றா, அல்லது அந்த ஊர்க் கொத்தனாருக்கே நம்மைவிட நன்றாகத் தெரிந்த வேலையா? கைக்காசு எவ்வளவு கரையும்? விளம்பரத்தில் இருக்கும் கட்டணத்தோடு விசா, காப்பீடு, வேலையில் விழும் இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறேன். கடைசியாக ஆபத்து. நமக்கு வரும் ஆபத்து மட்டுமல்ல, நம்மால் அவர்களுக்கு வரும் ஆபத்தும்.

ஒரு விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தொண்டர் திட்டமான பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். 1965-இல் ஜப்பான் தொடங்கிய வெளிநாட்டுத் தன்னார்வலர் திட்டம் ஜப்பானியருக்கு மட்டும். இரண்டிலும் நமக்கு இடமில்லை. அவற்றின் இணையதளத்தில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நமக்குத் திறந்திருக்கும் ஐந்து வழிகள் இவை:

| வழி | காலம் | பணம் | வெளியே தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பணிமுகாம் | 2–3 வாரம் | பயணமும் பதிவுக் கட்டணமும் உங்களுடையது | விசா மறுப்பு | மாணவர், முதல்முறை போகிறவர் |
| ஐ.நா. தன்னார்வலர் | சில மாதம் முதல் வருடக்கணக்கில் | வாழ்க்கைப்படி கிடைக்கும் | வேலையில் இடைவெளி, குடும்பப் பிரிவு | தொழில் அனுபவம் உள்ளவர் |
| துணைநிற்றல் (உயிருக்கு மிரட்டல் உள்ளவரோடு கூடவே இருப்பது) | ஒரு வருடமோ மேலோ | தங்குமிடம், உணவு, சிறு படி | மொழி கற்கும் காலம், மனச்சுமை | பக்குவமும் பொறுமையும் உள்ளவர் |
| சொந்த ஊர் | வாரத்துக்குச் சில மணி, வருடக்கணக்கில் | ஏறக்குறைய இல்லை | ஊர் அரசியல், அலுப்பு | எல்லாருக்கும் |
| இணையவழி | மணிக்கணக்கில் | இல்லை | பலனைக் கண்ணால் பார்க்க முடியாது | வீட்டைவிட்டு நகர முடியாதவர் |

## பணிமுகாம்: மூன்று வாரம், ஒரு மண்வெட்டி

இந்த வடிவத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்தபின் சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரெசோல் 1920 நவம்பரில் சில நண்பர்களோடு பிரான்சில் வெர்தன் அருகே எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார். வெர்தன் என்றால் 1916-இல் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் பத்து மாதம் விடாமல் அடித்துக்கொண்ட இடம். அந்தக் கிராமமே தரைமட்டம். வீடு கட்டவும் குழிகளைத் தூர்க்கவும் போன அந்தக் குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரி, இன்று கையில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறான், இதுதான் யோசனை. சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இங்கிருந்துதான் பிறந்தது.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதி இது: மறுவருடம் வசந்தத்தில் முகாமை மூடவேண்டியதாயிற்று. ஜெர்மானியரின் உதவி வேண்டாம் என்று உள்ளூரில் சொல்லிவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஊர், ஐந்தே மாதத்தில் கை குலுக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. யோசனை எவ்வளவு உயர்ந்தது என்றாலும், கூப்பிடாத வீட்டுக்குப் போனால் இதுதான்.

செரெசோல் பாடம் படித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது அவர் இந்தியாவுக்கு வந்து, அங்கே நிவாரண வேலையை முன்னின்று நடத்திய ராஜேந்திர பிரசாத் முதலியவர்களோடு பேசி, அதன்பிறகே ஒரு சிறிய குழுவோடு கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார். அந்த வேலை 1937 வரை நடந்தது.

இன்றைய பணிமுகாம் எளிது. பத்திலிருந்து இருபது பேர், பல நாட்டவர், இரண்டு மூன்று வாரம். தங்குமிடமும் சாப்பாடும் முகாமை நடத்தும் உள்ளூர் அமைப்பு தரும். முறைவைத்துச் சமைக்க வேண்டும் (ரசம் வைத்துப் பெயர் வாங்க இது நல்ல இடம்). பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் நம் பொறுப்பு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் மாட்டிக்கொள்ளும் இடம் விசா. ஐரோப்பிய முகாம் என்றால் ஷெங்கன் விசாக் கட்டணமே 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். பேங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வருவதற்கான அத்தாட்சி என்று அடுக்கவேண்டும். மறுத்துவிட்டால் கட்டிய பணம் திரும்பாது. வேலையில் இன்னும் சேராத, வருமானம் காட்ட முடியாத இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு மறுப்பு வர வாய்ப்பு அதிகம். இதை முகாம் அறிவிப்பில் யாரும் எழுதமாட்டார்கள்.

இதற்கு ஒரு சுலபமான மாற்று உண்டு. இதே அமைப்புகள் இந்தியாவிலும் பக்கத்து நாடுகளிலும் முகாம் நடத்துகின்றன. நேபாளத்துக்கு இந்தியருக்கு விசாவே வேண்டாம்.

மூன்று வாரத்தில் ஒரு ஊரை முன்னேற்றிவிட முடியுமா? முடியாது. உண்மையைச் சொன்னால், பணிமுகாமில் அதிகம் மாறுவது போகிறவர்தான். அதில் தவறில்லை. பாகிஸ்தான்காரனோடு ஒரே அறையில் படுத்து, ஒரே வாளியில் துணி துவைத்தவனுக்கு அதன்பிறகு செய்தி பார்க்கும் கண் வேறு. ஆனால் அதை "அவர்களுக்கு உதவினேன்" என்று எழுதிக்கொள்ளக் கூடாது. போன இடத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

## ஐ.நா. தன்னார்வலர்: தொழில் கையில் இருந்தால்

ஐ.நா. பொதுச்சபை 1970-இல் தீர்மானம் போட்டு உருவாக்கிய திட்டம் இது. யு.என்.வி. என்பார்கள். தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இதன்வழி களத்துக்குப் போகிறார்கள். அகதி முகாம், தேர்தல் பணி, மருத்துவமனை, அமைதி காக்கும் படையின் அலுவலகங்கள் என்று வேலை பல வகை. 18 முதல் 26 வயதுவரை இளைஞர் பிரிவு. 27 வயதிலிருந்து, குறைந்தது மூன்று வருட அனுபவம் உள்ளவர்களுக்கு வல்லுநர் பிரிவு. வெளிநாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டிலேயே ஐ.நா. அலுவலகங்களிலும் பணியாற்றலாம்.

தன்னார்வலர் என்று பெயர் இருந்தாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மாதாமாதம் வாழ்க்கைப்படி உண்டு. நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவக் காப்பீடு, பயணச் செலவு, விடுப்பு எல்லாம் உண்டு. விண்ணப்பிக்க ஒரு பைசா கட்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: ஐ.நா. பெயரைச் சொல்லிப் "பிராசசிங் கட்டணம்" கேட்டு வரும் மின்னஞ்சல்கள் நம் ஊரில் ஏராளம். காசு கேட்டால் அது ஐ.நா. இல்லை, அவ்வளவுதான்.

சரி, மறைவாக இருப்பது என்ன? வாழ்க்கைப்படி சம்பளம் இல்லை. வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு அது போதாது. பி.எஃப். இடையில் நின்றுவிடும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர்பணி வேண்டும் என்பதால், நாலாவது வருடத்தில் ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்புகிறவர் அதையும் இழப்பார். குடும்பத்தைக் கூட்டிப் போகவே முடியாத பணியிடங்கள் நிறைய. பல ஆப்பிரிக்கக் களங்களில் பிரெஞ்சு தெரியாமல் விண்ணப்பமே மேலே நகராது. பணி முடிந்ததும் ஐ.நா.வில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு வாக்குறுதியை அவர்கள் எங்கேயும் தரவில்லை.

ஆபத்து நிஜம். கம்போடியாவில் நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1993-இல் ஐ.நா. தேர்தல் நடத்தியது. மாவட்டம் மாவட்டமாக வாக்காளர் பட்டியல் தயாரித்து, வாக்குச்சாவடிக்கு ஆள் பயிற்றுவித்தவர்கள் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள். தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கையில், ஏப்ரல் 8 அன்று, கம்போங் தோம் மாகாணத்தில் அட்சுஹிதோ நகாதா என்ற 25 வயது ஜப்பானியத் தன்னார்வலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு சேர்ந்து அவருடைய கம்போடிய மொழிபெயர்ப்பாளரும் கொல்லப்பட்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது முதல் பெயரை மட்டும். மே மாதம் தேர்தல் நடந்தது. பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள்.

இங்கே "யார் கூப்பிட்டார்கள்" என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் சிக்கல். பெரும்பாலும் கூப்பிடுவது அரசு. அரசு மனம் மாறினால் கதை முடிந்தது. மாலி நாட்டு அரசு 2023 ஜூனில் ஐ.நா. படையை வெளியேறச் சொன்னது. பத்து வருடமாக அங்கே இருந்த அமைப்பு அந்த டிசம்பருக்குள் மூட்டை கட்டியது. அதில் பணியாற்றிய தன்னார்வலர்களும்தான்.

செவிலியர், மருத்துவர், பொறியாளர், கணக்காளர், தளவாட மேலாண்மை தெரிந்தவர், சட்டம் படித்தவர்: இவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். தொழில் இல்லாதவர்களுக்கு இது கதவைத் திறக்காது. இளைஞர் பிரிவில்கூடப் போட்டி கடுமை.

## துணைநிற்றல்: கூடவே நடப்பதே வேலை

இந்த வழியைப் பற்றித் தமிழில் அதிகம் பேசுவதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980-களில் குவாத்தமாலாவில் ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போனார்கள். காணாமல் போனவர்களின் மனைவியரும் தாய்மாரும் 'பரஸ்பர ஆதரவுக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1985-இல், ஒரு வாரத்துக்குள் அதன் தலைவர்களில் இருவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அப்போது அங்கே இருந்த பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் (1981-இல் கனடாவில் தொடங்கிய அமைப்பு, சுருக்கமாகப் பி.பி.ஐ.) மீதியிருந்த தலைவர்களோடு இருபத்து நாலு மணி நேரமும் வெளிநாட்டுத் தன்னார்வலர் ஒருவரை இருக்கவைத்தது. கையில் துப்பாக்கி கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட், சந்தையில் இரண்டடி பின்னால், இரவில் வாசல் திண்ணை. அவ்வளவுதான் வேலை. அந்தத் தலைவர்களில் ஒருவரான நினேத் மொன்டேநேக்ரோ பிழைத்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இது எப்படி வேலை செய்கிறது? கொல்ல வருகிறவனுக்குச் சாட்சி பிடிக்காது. அதிலும், ஒரு போன் போட்டால் தூதரகம் எழுந்து உட்காரும் நாட்டின் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சாட்சியைச் சுத்தமாகப் பிடிக்காது. கூடவே நடப்பவரின் கவசம் அந்த பாஸ்போர்ட்தான். இங்கேதான் நமக்கு ஓர் உறுத்தல் வருகிறது: இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ அதே கனம் உள்ளதா? எல்லா இடத்திலும் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வைத்தான் இந்த முறை பயன்படுத்திக்கொள்கிறது என்ற விமர்சனம் இதே வேலையில் இருப்பவர்களிடமே உண்டு.

நமக்கும் இதற்கும் பழைய உறவு இருக்கிறது. காந்தி கனவு கண்ட சாந்தி சேனையை 1957-இல் வினோபா பாவே கேரளத்தில் தொடங்கினார். ஆயுதம் இல்லாமல் கலவரத்தின் நடுவே போய் நிற்கிறவர்களின் படை. அந்த யோசனையின் வழியில் வந்த இன்னொரு அமைப்பான நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் 2002-இல் டெல்லிக்குப் பக்கத்தில் சூரஜ்குண்டில் கூடித் தொடங்கியது. அதன் முதல் களம் இலங்கை. 2003 முதல் 2011 வரை அங்கே இருந்தார்கள். மூதூர், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம். ஆயுதக் குழுவில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி முகாம் வாசலில் நின்ற தாய்மாரோடு தாங்களும் போய் நின்றார்கள். அந்தத் தாய்மாருக்குத் தைரியம் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பக்கத்தில் நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன்பே 1989 முதல் 1998 வரை பி.பி.ஐ.யும் இலங்கையில் வழக்கறிஞர்களோடும் செயற்பாட்டாளர்களோடும் துணை நின்றிருக்கிறது.

அளவுகோலுக்கு வருவோம். யார் கூப்பிட்டார்கள் என்ற கேள்வியில் இந்த வழிக்கு முழு மதிப்பெண். உள்ளூர் அமைப்பு எழுதிக் கேட்டால்தான் பி.பி.ஐ. போகும், போன பிறகும் அவர்கள் வேலையில் தலையிடாது. தங்குமிடம், உணவு, காப்பீடு, சிறு படி தருவார்கள். நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸில் களப்பணியாளருக்குச் சம்பளமே உண்டு, அதனால் அதைத் தொண்டு என்பதைவிட வேலை என்பதே சரி.

மறைசெலவு முதலில் மொழி. குவாத்தமாலா, கொலம்பியா, மெக்சிகோ, ஹோண்டுராஸ் எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷ் சரளமாக வேண்டும். கூகிள் மொழிபெயர்ப்பை வைத்து ராணுவ அதிகாரியிடம் பேச முடியாது. பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தால் ஒன்றரை வருடமாவது ஆகும். சொந்த நாட்டில் துணைநிற்க உங்களை அனுப்பமாட்டார்கள். இலங்கைத் தமிழர் இலங்கையில் இந்த வேலையைச் செய்ய முடியாது. அப்புறம் மனச்சுமை. ஒரு வருடம் முழுக்க எதுவுமே நடக்காமல் இருப்பதுதான் இங்கே வெற்றி. எதுவும் நடக்காததை ஊருக்குத் திரும்பி யாரிடம் சொல்லிக் காட்டுவது? நீங்கள் கிளம்பும் நாள் வரும்போது, நீங்கள் கூட நடந்தவர் அங்கேயே இருப்பார் என்பதும் நெஞ்சில் தங்கிவிடும்.

இருபத்தைந்துக்குக் கீழ் இருப்பவர்கள் இதைப் பிற்பாடு யோசிக்கலாம். வீரதீரம் தேடுகிறவர்கள் எந்த வயதிலும் வேண்டாம்.

## சொந்த ஊர்: பாஸ்போர்ட் வேண்டாத வழி

ஐ.நா.வின் 2022-ஆம் ஆண்டுத் தன்னார்வப் பணி அறிக்கை ஒரு கணக்குச் சொல்கிறது. உலகில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 6.5 சதவீதம் பேர் ஏதாவது அமைப்பின் வழியாக மாதந்தோறும் தொண்டு செய்கிறார்கள். எந்த அமைப்பும் இல்லாமல் ஆளுக்கு ஆள் நேரடியாக உதவுகிறவர்கள் 14.3 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். அக்கம்பக்கத்தில் சும்மா செய்துகொண்டிருப்பவர்கள்தான் பெரும்படை.

அமைதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கம். 1958-இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தன் மாணவர்களை கனதொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிங்களச் சமூகத்தில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட ரொடியா மக்களின் கிராமம் அது. மேல்சாதி நகரத்துப் பிள்ளைகள் அந்த மக்களோடு ஒன்றாக மண் சுமந்தார்கள். அங்கே தொடங்கியது பின்னர் தீவு முழுக்கப் பதினைந்தாயிரம் கிராமங்கள்வரை போனது. தமிழ், முஸ்லிம் கிராமங்களும் அதில் உண்டு. நாம் சாலையைப் போடுகிறோம், சாலை நம்மை உருவாக்குகிறது என்பது அவர்கள் முழக்கம்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் நினைவிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போன பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு மாவட்டத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அண்மையில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மாலை வேளையில் தெருவிலேயே சொல்லிக்கொடுக்கும் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் வகுப்பு எடுத்தவர் பட்டப்படிப்பு முடித்த ஒரு மருமகள். முதல் வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் வகுப்பு. ஊர்த்தெருப் பிள்ளைகள் வந்தார்கள், காலனிப் பிள்ளைகள் வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லத் தேவையும் இல்லை. இரண்டாவது வாரம் அவர் வகுப்பை இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்த ரேஷன் கடைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், "அங்க லைட் இல்லையே, இந்த சார்ஜர் விளக்கை எடுத்துட்டுப் போ" என்றாராம். பத்தொன்பது பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அமைதிப்பணி என்று தனியாகப் படிப்பெல்லாம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது.

இந்த வழிக்கும் மறைசெலவு உண்டு. "எந்தக் கட்சி?", "எலெக்ஷன்ல நிக்கப் போறியா?" என்ற கேள்விகள் நிச்சயம் வரும். புகைப்படம் போட்டால் நூறு லைக் வராது. வெளிநாட்டில் மூன்று வாரத்தில் கிடைக்கும் கிறக்கம் இங்கே மூன்று வருடத்திலும் கிடைக்காது. நடுவில் விட்டால் ஊர் மறக்காது, நாளைக் காலை அதே டீக்கடையில்தான் நிற்கவேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் கடைசிச் செலவுதான் இதன் பலமும். தண்ணீர் ஊற்றவேண்டியவர் யார் என்ற பாட்டியின் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

## இணையவழி: வீட்டிலிருந்தே

ஐ.நா.வின் இணையவழித் தன்னார்வப் பணி 2000 முதல் நடக்கிறது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு வேலை. வாரத்துக்கு அதிகபட்சம் இருபது மணி நேரம், பன்னிரண்டு வாரம்வரை. கட்டணமும் இல்லை, ஊதியமும் இல்லை.

நான் செய்து பார்த்தது வரைபட வேலை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி பூகம்பத்தின்போது போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்துக்கு உருப்படியான வரைபடம் இல்லை. உலகம் முழுக்க இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்துக்கொண்டு போனார்கள். அதற்கென்றே உருவான அமைப்பு இப்போதும் இயங்குகிறது. ஒரு கட்டம் எடுத்துக்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு கூரையையும் நாலு மூலை தொட்டு வரையவேண்டும்; 'கியூ' விசையைத் தட்டினால் மூலைகள் நேராகும். வட்டக் குடிசை என்றால் 'ஓ'. முதல் நாள் ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் நாற்பது வீடு வரைந்து அனுப்பினேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் வரைந்ததில் ஏழு, மரத்தின் நிழல்.

குறை என்னவென்றால் முகம் தெரியாது. நீங்கள் வரைந்த தெருவில் தடுப்பூசி போனதா இல்லையா என்று உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால், கைக்குழந்தை உள்ளவர்கள், முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், விசா கிடைக்காதவர்கள் எல்லாருக்கும் இது நல்ல வழி.

## காசு கட்டிப் போகும் பேக்கேஜ்

இதை ஆறாவது வழியாக நான் சேர்க்கவில்லை. "இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் சேவை, வார இறுதியில் கடற்கரை" வகை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் நடுவே அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 154-இலிருந்து 269 ஆனது. அநாதைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. வந்து பார்க்கிறவர்கள்தான் பெருகினார்கள். அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலைக்கு, காவல்துறைச் சான்றிதழ்கூடக் கேட்காமல், பணம் கட்டினால் போதும் என்கிற எந்த இடத்துக்கும் போகவேண்டாம். இங்கே கூப்பிடுவது டூர் ஏஜென்சி.

## மூவரும் என்ன செய்தார்கள்

பையனிடம் ஐரோப்பாவை மறந்துவிடு என்றேன். முகம் சுருங்கியது. பிறகு அவனே நேபாளத்தில் மூன்று வார முகாம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். விண்ணப்பத்தோடு நான் கேட்கச் சொன்ன கேள்விகளையும் அனுப்பினான்: இந்த வேலையை ஊரில் யார் கேட்டது, போன வருடம் முகாமில் செய்த வேலை இப்போது என்ன நிலையில் இருக்கிறது, நாங்கள் வராவிட்டால் இதை யார் செய்வார்கள். இரண்டு அமைப்புகளுக்கு அனுப்பியதில் ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றிலிருந்து போன வருடம் கட்டிய தடுப்புச் சுவரின் போட்டோ வந்தது. ஒரு பக்கம் சரிந்திருந்தது, அதைச் சரிசெய்யத்தான் இந்த வருடம் ஆள் கேட்கிறார்களாம். அங்கேயே போ என்றேன்.

நர்ஸுக்கு யு.என்.வி.தான். வயதும் அனுபவமும் பொருந்துகிறது, கிராஜுவிட்டி காலமும் தாண்டிவிட்டது. ஆனால் உடனே கிளம்பவில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்து பிரெஞ்சு வகுப்பில் உட்காருகிறார். "நான் போனா எங்கம்மாவுக்குச் சுகர் மாத்திரை யார் எடுத்துக் குடுப்பாங்கன்னு மட்டும் இன்னும் முடிவாகல" என்றார். அந்த முடிவு ஆகாமல் அவர் போகமாட்டார், போகவும் கூடாது.

அத்தை நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ரேஷன் கடைக் கதை எந்த ஊருடா?" என்றார். சொன்னேன். இப்போது அவர் தெருவில் மகளிர் குழு ஒன்றின் கணக்கு நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். வட்டிக் கணக்கில் மூன்று வருடத் தப்பு இருந்ததாம். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். "தப்பைக் கண்டுபிடிச்சதுக்கப்புறம் தினமும் கூப்பிடறாங்க" என்றார்.